பழைய மீன் இருக்கும் தொட்டியில் புதிய அயிரைகள்

அயிரை வகைகள் ஆற்றின் அடித்தளத்தை ஒட்டி வாழும் நன்னீர் மீன்கள். வாயைச் சுற்றிய மீசைகளால் மணலைத் துழாவி, புழுக்களையும் சிறு நத்தைகளையும் பூச்சிகளின் இளம்புழுக்களையும் தின்பவை. உலகில் இவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு என்று மீனியல் அறிஞர் மாரிஸ் கொட்டெலாட் 2012இல் தொகுத்த பட்டியல் காட்டுகிறது. மதுரைப் பக்கத்துக் குழம்பில் கொதிக்கும் அயிரையும், கண்ணாடித் தொட்டிக்காகக் கடைகளில் 'லோச்' என்ற பெயரில் விற்கும் வரிவரியான மீன்களும் இந்தப் பெரிய கூட்டத்தின் வெவ்வேறு கிளைகள்.

பெங்களூர் மீன் வளர்ப்பாளர்களுக்கு இவற்றில் ஒன்று சொந்த மாநிலத்து மீன். கடைகளில் 'ஜீப்ரா லோச்' எனப்படும் போட்டியா ஸ்ட்ரையாட்டா, மேற்குத் தொடர்ச்சி மலையில் கிருஷ்ணாவுக்கு நீர் தரும் ஆறுகளில் வாழ்வது. பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்த சி. ஆர். நாராயண ராவ், துங்கா ஆற்றில் கிடைத்த மீன்களைக் கொண்டு 1920இல் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். பின்னாளில் 'கரண்ட் சயின்ஸ்' இதழின் முதல் ஆசிரியரானவரும் அவரே. இன்று அந்த மீன் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் 'அருகிவரும் இனம்' என்ற நிலையில் உள்ளது.

ஏற்கெனவே ஒரு மீன் குடியிருக்கும் தொட்டியில் அயிரைகளைச் சேர்க்கும்போது முதலில் எழும் கேள்வி, பழைய மீன் புதியவற்றைக் கடிக்குமா என்பது. கடி உடனே கண்ணில் பட்டுவிடும். நீர் ஒவ்வாமையும் ஒட்டுண்ணியும் சில நாள் கழித்தே வெளிப்படும். அதனால் சேர்க்கை நிலைப்பதும் கெடுவதும் பெரும்பாலும் மீன்பையைப் பிரிக்கும் முன்பே முடிவாகிவிடுகின்றன. எந்த இனம், எத்தனை மீன், எந்த நீர், எத்தனை நாள் தனிமை ஆகிய நான்கும் சரியாக அமைந்தால் தொட்டிக்குள் விடும் வேலை மிகச் சிறியது.

இனத் தேர்வு

கடையில் அயிரைகள் பெரும்பாலும் விரல் நீளக் குட்டிகளாகவே இருக்கும். வளர்ந்தபின் அவற்றின் அளவுகள் வெகுவாக வேறுபடும். ஆரஞ்சு உடலில் கறுப்புப் பட்டை கொண்ட 'க்ளௌன் லோச்' சுமத்ரா, போர்னியோ தீவுகளைச் சேர்ந்தது. மெதுவாக வளர்ந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் வரை எட்டும். 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். இரண்டடித் தொட்டியில் இதன் குட்டிகள் சில மாதங்கள் நன்றாகத் தெரியும், பிறகு இடம் போதாது. வட இந்திய ஆறுகளின் 'யோயோ லோச்', கங்கை–பிரம்மபுத்திரா வடிநிலத்தின் போட்டியா டாரியோ ஆகியவை சுமார் 15 சென்டிமீட்டர் வளரும். ஜீப்ரா லோச் 8 முதல் 10 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். பாம்புக் குட்டி போல் நெளியும் 'கூலி லோச்' 10 சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. மணலில் புதைந்து கிடப்பதால் நாள்கணக்கில் கண்ணில் படாமலும் இருக்கும்.

பாறையில் ஒட்டி வாழும் மலையோடை அயிரைகள் தனி வகை. இவற்றின் துடுப்புகள் விரிந்து வயிற்றோடு சேர்ந்து உறிஞ்சிபோல் அமைந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பவானியா ஆஸ்திராலிஸ், வியட்நாமின் செவெலியா லினியோலாட்டா ஆகியவை இந்த வகை. இவற்றுக்கு வேகமான நீரோட்டமும் குளிர்ந்த, ஆக்சிஜன் மிகுந்த நீரும் வேண்டும். கடைகளில் அயிரையோடு சேர்த்து விற்கப்படும் 'சைனீஸ் ஆல்ஜே ஈட்டர்' அயிரை அன்று. வளர வளர முரட்டுத்தனம் கூடி, தட்டையான மீன்களின் உடல் சளியைச் சுரண்டித் தின்னும் பழக்கமுள்ளது. இதை அயிரை என்று நினைத்து வாங்குவது பழைய மீனுக்குத்தான் ஆபத்து.

எண்ணிக்கையும் இனத்தைப் போலவே முக்கியம். ஜீப்ரா, யோயோ, டாரியோ உள்ளிட்ட போட்டியா வகைகள் கூட்டமாக வாழ்பவை. தமக்குள் யார் பெரியவர் என்ற வரிசையை அமைத்துக்கொள்பவை. ஐந்து, ஆறு மீன்கள் இருந்தால் அந்தச் சச்சரவு கூட்டத்துக்குள்ளேயே பரவித் தணிந்துவிடும். ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்தால், பலவீனமான மீன்மீதோ வேற்று மீன்கள்மீதோ அது திரும்பும், அல்லது அயிரை ஒளிந்து கிடந்து மெலியும். 'முதலில் ஒன்றை விட்டுப் பார்ப்போம்' என்ற எச்சரிக்கை இந்த மீன்களுக்குப் பொருந்தாது. இடமில்லாத தொட்டியில் எண்ணிக்கையைக் குறைப்பதைவிடச் சிறிய இனத்தைத் தேர்வதே சரி.

இவை எங்கிருந்து வருகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். தென்னிந்திய அலங்கார மீன் வணிகத்தின் பெரிய சந்தை சென்னைக் கொளத்தூர். வடகிழக்கு, வங்க ஆறுகளின் மீன்களுக்குக் கொல்கத்தா வாசல். இந்திய அயிரைகளில் பெரும்பகுதி ஆற்றில் பிடிக்கப்பட்டவை. அழியும் நிலையிலுள்ள 30 நன்னீர் மீன் இனங்களில் 15 லட்சத்துக்கு மேற்பட்ட மீன்கள் 2005க்கும் 2012க்கும் இடையில் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாயின என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவற்றில் முன்னணியில் இருந்த இனங்களில் ஜீப்ரா லோச் ஒன்று. ஆற்றில் பிடித்த மீன் பல கைகள் மாறி, பட்டினியோடும் ஒட்டுண்ணியோடும் கடைக்கு வருகிறது. கடைக்கு வந்த அன்றே வாங்குவதைவிட, ஒரு வாரமாவது அங்கே இருந்து இரை எடுக்கும் மீனை வாங்குவது நல்லது. முதுகு கத்திபோல் கூராகி, தலைக்குப் பின்னே சதை குழிந்த மீனை விட்டுவிட வேண்டும்.

குடியிருக்கும் மீன் எது

ஒரே இடத்தில் நெடுநாள் வாழ்ந்த மீன், புதிதாக வரும் மீனோடு மோதும்போது வெல்லும் வாய்ப்பு அதிகம் என்பது மீன்களின் நடத்தையை ஆராய்ந்தவர்கள் பலமுறை கண்ட உண்மை. அளவு சமமாக இருந்தாலும் இந்த முன்குடியுரிமை வேலை செய்யும். அதன் வலிமை மீனுக்கு மீன் மாறுபடும்.

ஃப்ளவர்ஹார்ன் தொட்டி முழுவதையும் தன் எல்லையாகக் கொள்வது. அதனோடு அயிரை சேராது. ஆஸ்கார் வாயில் அடங்குவதை விழுங்கும். ஆனால் போட்டியா அயிரைகளின் கண்ணுக்குக் கீழே நிமிர்த்தக்கூடிய கூர்முள் ஒன்று உண்டு. விழுங்கப்பட்ட அயிரை அதை விரித்தால் பெரிய மீனின் தொண்டையில் சிக்கும், இரண்டும் சாகும். எனவே பழைய மீனின் வாயைவிட அயிரை பெரியதா என்று பார்ப்பது இரு மீன்களின் உயிரையும் பற்றிய கணக்கு.

தங்கமீனோடு வெப்பம் ஒத்துவராது. தங்கமீனுக்கு 18 முதல் 23 டிகிரி செல்சியஸ் உகந்தது. க்ளௌன் லோச்சுக்கு 26 முதல் 30 வேண்டும். ஒன்றுக்காக ஹீட்டரைக் கூட்டினால் மற்றது தளரும். தங்கமீனோடு வைக்க நினைப்பவர் கிழக்காசியாவின் 'வெதர் லோச்' போன்ற குளிர்நீர் அயிரையைத்தான் நினைக்க வேண்டும். டிஸ்கஸ் மீனோ 28 டிகிரிக்கு மேல் வாழ்வது. அதன் நீரில் க்ளௌன் லோச் நலமாக இருக்கும், ஜீப்ரா லோச்சுக்கு அது மிகைச் சூடு.

நீண்ட துடுப்புள்ள பேட்டா, ஏஞ்சல், கப்பி ஆண் மீன்கள் இருக்கும் தொட்டியில் கேள்வி தலைகீழாகிறது. யோயோ லோச் போன்ற துறுதுறுப்பான இனங்கள் தொங்கும் துடுப்பைக் கடிக்கும்; இங்கே பாதுகாக்க வேண்டியது பழைய மீனை. இந்த மீன்களோடு கூலி லோச் அமைதியாக வாழும். டெட்ரா, ராஸ்போரா, பார்ப் போன்ற நடுநீர் கூட்ட மீன்களோடு பெரும்பாலான அயிரைகள் ஒத்துப்போகும். தொட்டியின் அடித்தளத்தில் குகையைத் தன்னுடையதாக்கிக்கொண்ட சிக்லிட் இருந்தால், அயிரை போய் நிற்பது நேராக அதன் வாசலில்தான். நத்தையும் இறாலும் வளர்ப்பவர்கள் அவற்றை இழக்கத் தயாராக இருக்க வேண்டும். போட்டியா அயிரைகளுக்கு அவை இரை.

பழைய மீனே தனித்து வாழும் ஓர் அயிரையாக இருந்தால் புதியவற்றைச் சேர்ப்பது பெரும்பாலும் அதற்கு நன்மை. முதல் சில நாள்கள் உரசலும் துரத்தலும் இருக்கும். அதே இனத்தில், ஏறத்தாழ அதே அளவில், குறைந்தது நான்கு மீன்களை ஒன்றாக விட்டால் பழையதன் கோபம் ஒன்றின்மீதே குவியாது.

பெங்களூரின் நீரும் வெப்பமும்

நகரின் குழாய்நீர் தொரேகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பட்டு, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேலேற்றப்படும் காவிரி நீர். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பட்டபின் புறநகர்க் கிராமங்கள் பலவற்றுக்கும் அது எட்டியது. இருந்தும் பல அடுக்ககங்கள் ஆழ்துளைக் கிணற்றையும் டேங்கர் லாரியையும் கலந்தே நம்புகின்றன. காவிரி நீர் மிதமான கடினத்தன்மை கொண்டது. ஆழ்துளை நீர் பெரும்பாலும் மிகக் கடினமானது. தரைக்கடித் தொட்டியான சம்ப்பில் இரண்டும் எந்த விகிதத்தில் கலக்கின்றன என்பது வாரத்துக்கு வாரம் மாறும். கடையில் காவிரி நீரில் வாழ்ந்த மீன், வீட்டில் பலமடங்கு உப்புச் செறிவுள்ள நீரைச் சந்திக்கக்கூடும். கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் மலிவானது. அதனால் கடைநீரையும் வீட்டுநீரையும் ஒப்பிட்டுப் பார்ப்பது முதல் வேலை.

குழாய்நீரில் குளோரின் எஞ்சியிருக்கும். குடிநீர்த் தரக்கட்டுப்பாடு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது. மனிதருக்குக் காப்பான அந்த அளவே மீனின் செவுளைப் புண்ணாக்கப் போதும். சோடியம் தயோசல்பேட் கரைசல், அதாவது கடையில் கிடைக்கும் 'ஆன்டி குளோரின்', அதை உடனே நீக்கும். ஒருநாள் முழுக்கக் காற்றடித்து வைத்த நீரிலும் அது வெளியேறிவிடும்.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள நகரில் காற்றழுத்தம் குறைவு. அதே வெப்பத்தில் சென்னை நீரைவிட இங்குள்ள நீர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவான ஆக்சிஜனையே தாங்கும். ஓடும் ஆற்றில் பழகிய அயிரைகளுக்கு இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு. நீர்ப்பரப்பு நன்றாகக் கலங்கும்படி ஃபில்டரின் வாயை அமைக்க வேண்டும். மின்தடை நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கையிருப்பில் இருப்பது நல்லது.

டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெளிவெப்பம் 16 டிகிரி அளவுக்கு இறங்கும்போது ஹீட்டர் இல்லாத தொட்டியின் நீர் 20ஐ ஒட்டி நிற்கலாம். க்ளௌன் லோச்சுக்கு வெள்ளைப் புள்ளி நோய் தொற்றிக்கொள்ள ஏற்ற பருவம் அது. ஏப்ரலில் மேல்மாடி வீடுகளில் தொட்டிநீர் 30 டிகிரியை நெருங்கும். அப்போது துவள்பவை மலையோடை அயிரைகள். ஆண்டின் மற்ற மாதங்களில் பெங்களூரின் மிதமான வெப்பம் ஜீப்ரா லோச்சுக்கும் மலையோடை அயிரைகளுக்கும் நன்கு பொருந்துகிறது. புதிய மீனைச் சேர்க்க ஏற்ற காலம் இந்த இரு முனைகளுக்கும் இடைப்பட்டது.

தொட்டியை ஆயத்தப்படுத்துதல்

கூரான சரளைக்கல் அயிரையின் மீசைகளைத் தேய்த்துப் புண்ணாக்கும். வழவழப்பான ஆற்றுமணல் வேண்டும். மீன்களின் எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு கூடுதலான ஒளிவிடங்கள் தேவை: பிவிசி குழாய்த் துண்டு, தேங்காய் ஓடு, கல்லடுக்கு, மரவேர். கல்லை மணல்மேல் வைக்காமல் கண்ணாடித் தரையிலேயே ஊன்ற வேண்டும். அடியில் மணலைத் தோண்டும் மீன் அதனடியில் நசுங்கிவிடக்கூடும். அயிரைகள் துள்ளும், குழாய் வழியே ஏறும். ஆதலால் மூடியில் கம்பி நுழையும் ஓட்டை வரை அடைக்க வேண்டும்.

பழைய தொட்டியின் ஃபில்டரில் உள்ள பாக்டீரியாக்கள் அங்கே இருந்த மீனின் கழிவுக்கு ஏற்ற அளவில்தான் பெருகியிருக்கும். ஒரே நாளில் ஆறு மீன்கள் சேர்ந்தால் அமோனியாவும் நைட்ரைட்டும் சில நாள் ஏறும். சேர்த்த முதல் இரண்டு வாரம் இரையைக் குறைத்து, சோதனைக் கிட்டால் அளந்து, தேவைப்படும்போது கால்பங்கு நீரை மாற்றினால் இந்த இடைவெளி கடந்துவிடும்.

தனிமைக் காலம்

புதிய மீன்களை முதலில் தனித்தொட்டியில் வைத்துக் கவனிப்பதுதான் அயிரைச் சேர்க்கையில் விட்டுவிடக்கூடாத படி. 40, 50 லிட்டர் கொள்ளும் எளிய தொட்டி, பழைய தொட்டியில் மூன்று நான்கு வாரம் ஓடிப் பழகிய ஸ்பான்ஜ் ஃபில்டர், ஹீட்டர், குழாய்த் துண்டுகள், மூடி ஆகியவை போதும். வலை, வாளி, குழாய் எல்லாம் தனியாக இருக்க வேண்டும். காலம் நான்கு வாரம்.

காரணம், அயிரைகளை எளிதில் தாக்கும் வெள்ளைப் புள்ளி நோய். இக்தியோப்தீரியஸ் என்ற ஒற்றைச்செல் உயிரி தோலுக்கடியில் வளர்ந்து, உதிர்ந்து, தரையில் ஒட்டி நூற்றுக்கணக்காகப் பிளந்து, மீண்டும் மீனைத் தேடி நீந்துகிறது. நீந்தும் நிலையில் இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் இறந்துவிடும். மருந்து அதைக் கொல்வதும் அந்த நிலையில்தான். 25 டிகிரியில் ஒரு சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும். நீர் குளிர்ந்தால் அது பல வாரங்கள் இழுக்கும். ஆகவே புள்ளி மறைந்தவுடன் சிகிச்சையை நிறுத்தினால் நோய் திரும்பும்.

அயிரைகளின் செதில்கள் மிக நுண்ணியவை. மாலகைட் கிரீன், ஃபார்மலின், செம்பு கலந்த மருந்துகளை அவை தாங்கும் அளவு குறைவு. குப்பியில் எழுதிய அளவில் பாதியோடு தொடங்குவது வழக்கம். வெதுவெதுப்பை விரும்பும் இனங்களுக்கு நீரைப் படிப்படியாக 30 டிகிரிக்கு உயர்த்தி, காற்றோட்டத்தைக் கூட்டுவது உதவும். நன்றாகத் தின்றும் மெலிந்துகொண்டே போகும் மீனின் குடலில் புழுவோ கசையுயிரியோ இருக்கலாம். புழுவுக்கு லெவாமிசோல் அல்லது ஃபென்பெண்டசோல், கசையுயிரிக்கு மெட்ரோனிடசோல் தரப்படும். அளவை மீன்நோய் அறிந்தவரிடம் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும்.

தனிமைக் காலத்துக்கு இன்னும் இரண்டு பயன்கள் உண்டு. கடைநீரிலிருந்து வீட்டுநீருக்கான மாற்றத்தை நிமிடக் கணக்கில் அவசரப்படுத்தாமல் நாள்கணக்கில் சிறிது சிறிதாகச் செய்யலாம். கடைசி வாரத்தில் பழைய தொட்டியின் நீரையே தினமும் சிறிது சேர்த்து வந்தால், பழைய மீன் நோய்க்குறி காட்டாமல் சுமந்திருக்கும் கிருமிக்குப் புதியவை எப்படி எதிர்வினை தருகின்றன என்பதும் முன்கூட்டியே தெரியும். பழைய மீன் முன்பு ஒருமுறை நோயுற்று எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தால், ஆபத்து அதனிடமிருந்து புதியவற்றுக்குப் போவதாகவும் இருக்கலாம்.

பையிலிருந்து நீருக்கு

கண்முள் பாலித்தீன் பையைத் துளைக்கும் என்பதால் இரட்டைப் பை கேட்க வேண்டும். வலையில் அந்த முள் சிக்கும். பிளாஸ்டிக் டப்பாவால் மொண்டு எடுப்பதே நல்லது.

உள்ளூர்க் கடையிலிருந்து ஓரிரு மணி நேரத்தில் வந்த மீன் என்றால், பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கி, பிறகு அரை மணி நேரம் சிறிது சிறிதாகத் தனிமைத் தொட்டியின் நீரைச் சேர்த்து, மீனை மட்டும் எடுத்து விடலாம். கடைநீரைத் தொட்டியில் ஊற்றக்கூடாது.

இரவெல்லாம் பயணம் செய்து வந்த பைக்கு இந்த நிதானமே கேடாகும். மூடிய பையில் மீன் வெளிவிட்ட கரியமிலவாயு நீரின் பி.எச். அளவைக் குறைத்து வைத்திருக்கும். சேர்ந்த அமோனியா அப்போது நச்சு குறைந்த அம்மோனியம் வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும். 25 டிகிரியில், பி.எச். 7 ஆக இருக்கும்போது மொத்த அமோனியாவில் சுமார் 0.6 விழுக்காடுதான் நச்சு வடிவம், பி.எச். 8 ஆனால் அது 5 விழுக்காட்டைத் தாண்டும். சொட்டுச் சொட்டாக நீரைச் சேர்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்தால் மீன் அந்த நச்சிலேயே கிடக்கும். இத்தகைய மீனுக்குத் தனிமைத் தொட்டியின் நீரை வெப்பத்திலும் உப்புச் செறிவிலும் முன்பே கடைநீருக்கு நெருக்கமாக அமைத்துவிட்டு, பை திறந்தவுடன் மாற்றிவிட வேண்டும்.

தனிமைக் காலம் முடிந்து பெரிய தொட்டிக்கு மாற்றும் வேலை மாலையில் நடக்கட்டும். பழைய மீனுக்கு முதலில் இரை கொடுத்து, கற்களையும் மரத்தையும் இடம் மாற்றி வைக்க வேண்டும். பழகிய எல்லைக்கோடுகள் குலைந்தால் முன்குடியுரிமையின் வலிமை குறையும். பிறகு விளக்கணைத்து அயிரைகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் விட வேண்டும். பழைய மீனின் சுபாவம் ஐயத்துக்குரியதானால் துளையிட்ட தடுப்பை நடுவில் வைத்து இரண்டு மூன்று நாள் ஒன்றையொன்று பார்க்கவிடலாம்.

முதல் வாரங்கள்

முதல் நாள்களில் ஒளிந்திருப்பது இயல்பு. க்ளௌன் லோச் செத்ததுபோல் ஒருக்களித்துப் படுக்கும். போட்டியாக்கள் தமக்குள் மோதும்போது உடல் நிறம் வெளுத்து, பட்டைகள் மங்கும். சில மணி நேரத்தில் திரும்பிவிடும். இரை நேரத்தில் 'டிக்' என்ற ஒலி எழுப்புவதும் உண்டு. இவை எதற்கும் மருந்து வேண்டாம். செவுள் வேகமாக அடித்தல், நீர்ப்பரப்பில் மூச்சுவாங்குதல், உடலைக் கல்லில் தேய்த்தல், கிழிந்த துடுப்பு, மூன்று நான்கு நாளாகியும் இரை தொடாமை ஆகியவைதாம் கவனிக்க வேண்டியவை. முதலில் நீரை அளந்து பார்த்துவிட்டு, அதன் பிறகே நோயைச் சந்தேகிக்க வேண்டும்.

பழைய மீன் மேலே தின்று முடிப்பதால் அயிரை பட்டினி கிடப்பது அடிக்கடி நடப்பது. அமிழும் இரையை விளக்கணைத்த பின் தொட்டியின் இரண்டு மூன்று இடங்களில் இட வேண்டும். உறைய வைத்த ரத்தப்புழு நல்ல தொடக்க இரை. சாக்கடை நீரில் சேகரிக்கப்படும் உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு, நான்கு வாரத் தனிமையின் பயனை ஒரே வேளையில் கெடுத்துவிடக்கூடும்.

இரண்டு வாரம் கழித்தும் ஒரு மீன் தொடர்ந்து மூலைக்குத் துரத்தப்பட்டால், அல்லது காயம் ஆறாமல் புதிது சேர்ந்தால், சேர்க்கை பொருந்தவில்லை என்று கொள்ள வேண்டும். அப்போது தனிமைத் தொட்டி மீண்டும் பயன்படும். பொருந்தாத மீனைக் கடைக்கோ வேறு வளர்ப்பாளருக்கோ கொடுக்கலாம்; ஏரியில் விடுவது கூடாது. தொட்டியிலிருந்து வெளியேறிய 'சக்கர்' மீன் தென்னிந்திய நீர்நிலைகளில் பெருகி உள்ளூர் மீன்களுக்கு இடையூறாகியிருக்கிறது. துங்காவில் பிறந்த ஜீப்ரா லோச்கூட அது வாழாத ஏரிக்கு அயல் மீன்தான். தொட்டியில் பெற்ற ஒட்டுண்ணியையும் அது அங்கே கொண்டுசெல்லும்.